பாலிம்செஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய சிரியாக் (அரமேய மொழியின் ஒரு வகை) விவிலியச் சுவடிகளின் காலக்கணிப்பு பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். பாலிம்செஸ்ட் என்ற சொல்லில் நிற்கிறேன். தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வேறொன்றை எழுதியது. 1892இல் எகிப்தின் சீனாய் மடத்தில் ஆய்வாளர் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் கண்ட சுவடி அப்படிப்பட்டது. அடியில் நற்செய்தி, மேலே பெண் புனிதர் வரலாறு. மேலெழுத்தின் ஆண்டை 697 என்றும் 778 என்றும் படிக்கிறார்கள். அடியெழுத்தை எழுத்தின் வடிவம் பார்த்து 4ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். 'அழிப்பேடு' சரியா?

---

ஐயா, அழிப்பேடு வேண்டாம். அழியவில்லையே! லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சிரியாக் ஏசாயா (விவிலிய நூல்) சுவடியில், சுரண்டப்பட்ட அடியெழுத்திலேயே ஆண்டு இருக்கிறது: கிரேக்கர் ஆண்டு (கிமு 312இல் தொடங்கும் கணக்கு) 771, அதாவது கிபி 459-460. அழித்தது என்று நாம் பெயர் வைக்கும் எழுத்துதான் அங்கே காலம் சொல்கிறது.

கிரேக்கத்தில் 'பாலின்' மீண்டும், 'ப்சாவோ' தேய், சுரண்டு. நமக்கு 'வழித்தல்' இருக்கிறது. அம்மியில் சட்னியை வழிக்கிறோமே, அது. 'வழித்த ஏடு' புணர்ந்தால் 'வழித்தவேடு' ஆகி, வேடு வந்து உட்காரும். வினைத்தொகையாக 'வழியேடு' என்போம், ஊறுகாய் போல.

---

வழியேடு என்றால் மாணவர்கள் பயணக் கையேடு என்றுதான் நினைப்பார்கள். அப்புறம், ஏடு என்பது ஓலை. எழுத்தாணி கீறியதை எப்படி வழிப்பது? ஓலை நைந்தால் புது ஓலையில் பெயர்த்தெழுதினார்கள், அவ்வளவுதான். நான் வகுப்பில் பாலிம்செஸ்ட் என்றே எழுதிப்போட்டு விளக்குகிறேன், புரிகிறது.

---

ஏடு ஓலை மட்டுமா அம்மா? பாலேடு, தயிரேடு என்கிறோமே. மெல்லிய படலம் எதுவும் ஏடுதான், தோலும் சேர்த்து. கிரேக்கச் சொல்லில் உள்ள 'ப்' ஒலியையும் சேர்த்து எழுதினால் ம், ப், ச் மூன்றும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அதைத் தமிழ் நாக்கு ஏற்காது. 'மீளெழுது தோலேடு' என்பது என் முன்மொழிவு.

---

நன்றி. நால்வர் மீளெழுது தோலேட்டுக்குச் சரி என்றிருக்கிறார்கள். நாளை வெள்ளி, அதையே போடுகிறேன். அடியெழுத்து, மேலெழுத்து இரண்டும் அப்படியே இருக்கும்.

---

போடுங்கள் ஐயா. ஆனால் மீண்டும் எழுதியது என்றால் பெயர்த்தெழுதிய படி என்றும் ஆகுமே. அடியில் இருப்பது ஒரு நூல், மேலே இருப்பது வேறு நூல். சுரண்டியது சொல்லுக்குள் வராத வரை எனக்கு இது உடன்பாடில்லை.