கலியாணப் படப்பிடிப்பு: மணித்தியாலக் கணக்கா, சடங்குக் கணக்கா?

கமராப்பொடியன் (களுவாஞ்சிகுடி):
அண்ணன்மார், அக்காமார், நான் மட்டக்களப்புப் பக்கம் கலியாணப் படம் எடுக்கிறவன், ஒரு யோசனை கேட்க வந்தேன். தை மாதக் கலியாணங்களுக்கு முன்னர் என் விலைப்பட்டியலை மாற்றப்போகிறேன். இவ்வளவு காலமும் கலியாணம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாயால் பேசித்தான் ஓடியது. இனி மூன்று பேக்கேஜ். 4 மணித்தியாலம்: ஒரு கமரா, தாலிகட்டும் மேடைப் படங்களும், பென்டிரைவில் படங்கள் மட்டும். 8 மணித்தியாலம்: இரண்டு கமரா, ஒரு அல்பம். 12 மணித்தியாலம்: மாப்பிள்ளைக்குப் பாலறுகு (பாலும் அறுகம்புல்லும் தலையில்) வைப்பதிலிருந்து இரவு ரிசெப்ஷன் வரை, கலியாணத்துக்கு முன்னரே எடுக்கிற பிரீ ஷூட், இரண்டு அல்பம், தேங்க்யூ கார்ட் எல்லாம் சேர்த்து. நேரம் கூடினால் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று தனிக் காசு.

ஏன் என்றால், அண்மையில் பெரியகல்லாற்றுப் பக்கம் ஒரு வீட்டுக்கு விடிய இருட்டோடு போனவன், இரவுச் சாப்பாடும் முடிந்த பிறகுதான் வெளிக்கிட்டேன். "தம்பி, இன்னும் ஒரு படம்" என்று சொல்லாத ஆள் அந்த வீட்டில் இல்லை. பேசிய காசு மட்டும் பேசிய காசாகவே இருந்தது. என்ன சொல்கிறீர்கள்?

வாவிக்கரை (கல்லடி):
தம்பி, இது கொழும்பு ஹோட்டல் கலியாணத்துக்குப் போட்ட கணக்கு. அங்கே மண்டபமே நேரத்துக்குத்தான் வாடகை. பொம்பிளை உடுத்துவதும் அங்கே, சடங்கும் அங்கே, சாப்பாடும் அங்கே. மூன்று மணிக்கு வெயிட்டர் கதிரையை அடுக்கத் தொடங்கிவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் மணித்தியாலம் விற்கலாம்.

நம்முடைய இடத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது சாத்திரியார். ஆடியும் மார்கழியும் கழித்து, ராகுகாலமும் பார்த்து, பொருத்தமும் பார்த்து மிஞ்சுகிற நாட்கள் எத்தனை? அந்த நாள் வந்தால் நம்முடைய கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் மேளம் கேட்கும். எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒரே முகூர்த்தம். நீங்கள் காலை ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு 4 மணித்தியாலம் விற்றால், பகல் ஒரு மணிக்கு உங்களுடைய கை சும்மா. அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிட இன்னொரு கலியாண வீடு இல்லை. ஒரு நாளை முழுசாகக் கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்குக்குக் காசு வாங்குகிறீர்கள். நான் நாளைத்தான் விற்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொம்பிளை வீட்டுக்காரி (ஆரையம்பதி):
நான் படம் எடுக்கிற ஆள் இல்லை, காசு கொடுத்த ஆள். தங்கச்சியின் கலியாணத்தை நான்தான் பார்த்துச் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

6 மணித்தியாலம் என்று பேசியிருந்தோம். ஐயருக்கு அன்றைக்கு முன்னால் ஒரு கலியாணம், அதனால் பிந்தித்தான் வந்தார். மாப்பிள்ளை பகுதி திருக்கோவில் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள், அந்த பஸ்ஸும் பிந்தியது. தாலி கட்டி, சனம் வாழ்த்தி அறுகரிசி போட வரிசையில் நிற்கும்போது கமராக்காரர் மேடைக்கு ஏறி அப்பாவின் காதுக்குள் "ஐயா, நேரம் முடிஞ்சுது, தொடர்ந்து எடுக்கவா?" என்று கேட்டார். அப்பாவின் கையில் ஆலாத்தித் தட்டு. கண் நிறையத் தண்ணீர். அவர் என்ன கேட்டார் என்றுகூட அப்பாவுக்கு விளங்கியிருக்காது, தலையை ஆட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலுக்கு மூன்று மணித்தியாலம் கூடுதல் பில் வந்தது.

காசு பெரிதில்லை. ஐயர் பிந்தியதற்கும் பஸ் பிந்தியதற்கும் நாங்கள் ஏன் கமராக்காரருக்குத் தண்டம் கட்ட வேண்டும்?

கமராப்பொடியன் (களுவாஞ்சிகுடி):
அக்கா, கேட்ட இடம் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயர் பிந்தினால் அந்த நட்டத்தைக் கமராக்காரர்தான் ஏற்க வேண்டுமா? மேளகாரர், லைட்காரர் எல்லாரும் நிற்கிறார்கள்தான். ஆனால் அந்த ஆட்கள் வீட்டுக்குப் போனால் அவர்களின் வேலை முடிந்தது, எனக்கு அதற்குப் பிறகும் படம் திருத்துகிற வேலை கிடக்கும்.

சாய்ந்தமருது லென்ஸ்:
சலாம் எல்லாருக்கும். வாவிக்கரை அண்ணன் சொன்னது முகூர்த்தக் கலியாணத்துக்குச் சரியாக இருக்கலாம். எங்களின் பக்கம் அந்தக் கணக்கு செல்லாது.

நிக்காஹ் பள்ளியில் நடந்தால் அங்கே ஆண்கள்தான். அஸர் தொழுகைக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ வைப்பார்கள், காவின் என்கிற திருமணப் பதிவை எழுதி முடிய அதிக நேரம் ஆகாது. என் வேலை பெண்கள் பகுதியில். மணமகள் உடுத்தி முடிகிற நேரம், பிறகு பெண்களின் மண்டபம், குடும்பப் படங்கள். மூன்று நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வலீமா விருந்து வேறு நாளில். இந்தக் குடும்பத்திடம் போய் "நான் நாளைத்தான் விற்கிறேன்" என்று சொன்னால் அவர்கள் மச்சியின் போனால் எடுத்துக்கொள்வார்கள். பெண் கமராக்காரர் வேண்டும் என்று கேட்கிற வீடுகள் காத்தான்குடியிலும் கல்முனையிலும் நிறைய. இருக்கிற எங்களில் சிலர் பகலில் நிந்தவூரிலும் இரவில் மருதமுனையிலும் நின்று சமாளிக்கிறோம். அப்படிச் செய்ய முடிவது மணித்தியாலக் கணக்கால்தான்.

இன்னொன்று, எங்களுக்கு நேரத்தை விடப் பெரிய விஷயம் படம் வெளியே போகாமல் இருப்பது. பேஸ்புக்கில் போடமாட்டேன், என் அனுமதி இல்லாமல் எந்த எடிட்டரும் பார்க்கமாட்டார், கையில் கொடுத்த பிறகு என் கம்பியூட்டரில் வைத்திருக்கமாட்டேன் என்று பேக்கேஜிலேயே எழுதிக் கொடுக்கிறேன். அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். களுவாஞ்சிகுடித் தம்பியின் பட்டியலில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

வாவிக்கரை (கல்லடி):
சரி தங்கச்சி, உங்களுக்கு அது பொருந்தும். நான் தம்பிக்குச் சொன்னேன். அவருடைய வாடிக்கை முகூர்த்தக் கலியாணம்.

இரவு எடிட்டர் (மட்டக்களப்பு):
நான் நாலைந்து ஸ்டூடியோவுக்கு எடிட் செய்கிறவன். முழு நாளாக விற்கிற அண்ணன்மாரால் சாகிறவனும் நான்தான்.

நேரத்துக்கு எல்லை இல்லை என்றால் சுடுவதற்கும் எல்லை இல்லை. ஒரு கலியாணத்துக்கு 5,000 படம் வருகிறது. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ கோப்பு (திருத்தாத மூலப் படம்) 25, 30 எம்பி என்று வைத்தால் 125 தொடக்கம் 150 ஜிபி. இரண்டு பிரதி வைக்காவிட்டால் தூக்கம் வராது, ஆகவே அது இரட்டிப்பு. அதிலிருந்து 12×36 அங்குல அல்பத்துக்கு நூற்றைம்பது படம் தெரிவு செய்ய வேண்டும். கெனான் ஃபைவ் டி மார்க் ஃபோருக்குக் கொம்பனி சொல்கிற ஷட்டர் ஆயுள் 150,000 படம். கலியாணத்துக்கு ஐயாயிரம் என்று சுட்டால் முப்பது கலியாணத்தில் அந்த ஆயுள் முடிந்தது. பிறகும் சில காலம் ஓடும், ஆனால் அந்தத் தைரியத்தில் தாலிகட்டுக்குப் போகலாமா?

என்னைக் கேட்டால் நேரத்தையும் விற்காதீர்கள், நாளையும் விற்காதீர்கள். திருத்திக் கொடுக்கிற படத்தின் எண்ணிக்கையையும் அல்பத்தின் பக்கத்தையும் விற்றுவிடுங்கள்.

பொம்பிளை வீட்டுக்காரி (ஆரையம்பதி):
தம்பி, எண்ணூறு படம் என்று எழுதித் தந்துவிட்டு எங்கள் அம்மம்மா ஒன்றிலும் இல்லை என்றால்? நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆளைத் தேடித்தான் பார்ப்போம்.

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை):
நீங்கள் எல்லாரும் மண்டபத்தை நினைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் இன்னும் வீட்டுக் கலியாணம் இருக்கிறது. மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்கு வருகிறவர். பெண்ணுக்குக் கொடுக்கிற வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, அதன் முற்றத்தில்தான் பந்தல். அப்பாக்காரருக்கு மகளின் படம் எவ்வளவு முக்கியமோ அந்த வீட்டின் படமும் அவ்வளவு முக்கியம். இதை எந்தப் பேக்கேஜிலும் கண்டதில்லை, கேட்டால் "டிரோன் எக்ஸ்ட்ரா" என்பார்கள். வீட்டைப் படம் பிடிக்க டிரோன் எதற்கு? அதற்குச் சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி வேறு எடுக்க வேண்டும். எதிர் ஒழுங்கையில் நின்று எடுத்தால் போதாதா?

மறுகா மாப்பிள்ளை வீடு. நேரமெல்லாம் பொம்பிளை வீட்டில் கழிந்துவிட, "எங்கட வீட்டில பாலறுகு வைச்சதுக்கு ஒரு நல்ல படம் இல்லை" என்று அந்தப் பகுதி முகத்தைத் தூக்கும். இதனால் சில கலியாணத்தில் இரண்டு பகுதியும் ஆளுக்கொரு கமராக்காரரைக் கொண்டு வருகிறார்கள். தாலி கட்டுகிற நேரம் மணவறைக்கு முன்னால் இரண்டு கமரா, இரண்டு வீடியோ, பின்னால் நிற்கிற சனத்துக்குத் தெரிவது கமராக்காரர்களின் முதுகு. குரவை போடுகிற ஆச்சிமாரே "கொஞ்சம் விலகு மனே" என்று சொல்லிவிட்டுத்தான் குரவை போடுகிறார்கள். இரண்டு வீடும் சேர்ந்து ஒரே ஆளைப் பிடித்து, அவர் இரண்டாவது கமராவை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினால் காசும் மிச்சம், மேடையும் தெரியும்.

கமராப்பொடியன் (களுவாஞ்சிகுடி):
அண்ணன், பயண நேரத்தை எப்படிக் கணக்கெடுப்பது? மாப்பிள்ளை வீடு அக்கரைப்பற்று, பொம்பிளை வீடு உங்கள் பக்கம் என்றால் ரோட்டிலேயே ஒரு பேக்கேஜ் முடிந்துவிடும்.

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை):
ரோட்டில் போகிற நேரத்தைச் சடங்கு நேரத்தில் கழிக்காதீர்கள், சனம் அதை ஏமாற்று என்றுதான் நினைக்கும். தூரத்துக்குத் தனிக் காசு சொல்லுங்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற பிறகு அந்தக் காசுக்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

வாவிக்கரை (கல்லடி):
தம்பி, நேரம் எங்கே போகிறது என்று ஒருக்கால் கணக்குப் பார்த்தீர்களா? சடங்கில் போவதில்லை. மேடைக்கு ஏறுகிற சனத்தில்தான் போகிறது. ஐந்நூறு பேர் வந்தால் குடும்பம் குடும்பமாக நூற்றைம்பது தடவை என்று வையுங்கள். ஏறி, என்வலப் கொடுத்து, பிள்ளையை முன்னால் இழுத்து நிறுத்தி, ஒரு படம், இறங்க நாற்பது செக்கன். கூட்டினால் நூறு நிமிடம். வேகமாகப் போனால்தான் அந்த நூறு. போன் எடுத்து வந்த மருமக்கள் "அங்கிள், எங்கட போனிலயும் ஒண்டு" என்று தொடங்கினால் கணக்கு இல்லை. இந்த வரிசையின் நடுவில் நேரம் முடிந்தது என்று ஒருவராலும் இறங்கிப் போக முடியாது. இறங்கினால் விடுபட்ட மாமாவின் பெயரைப் பத்து வருடத்துக்கு உங்களோடு சேர்த்துச் சொல்வார்கள்.

அதோடு சோடிப் படம். உங்கள் 8 மணித்தியாலம் பின்னேரம் மூன்று மணிக்கு முடிகிறது. அந்த வெயிலில் எங்கே கொண்டு போவீர்கள்? "கடலுக்குள் சூரியன் இறங்குகிற மாதிரி" என்று கேட்கிற பொடியன்மாரும் இருக்கிறார்கள். நமக்குக் கடல் கிழக்கில். சூரியன் இறங்குவது வாவிப் பக்கம். கடலோடு சூரியன் வேண்டுமென்றால் விடியற்காலை கல்லடிக் கடற்கரைக்கோ பாசிக்குடாவுக்கோ வர வேண்டும், அது பிரீ ஷூட்டில்தான் முடியும். கலியாண நாள் என்றால் ஐந்து மணிக்குப் பிறகு வாவிக்கரை. சாப்பாடு முடிந்து அதுவரை சும்மா இருக்கிற இரண்டு மணித்தியாலத்தை எந்தக் கணக்கில் போடுவீர்கள்?

சாய்ந்தமருது லென்ஸ்:
அதை இரண்டு துண்டாக விற்கலாம் அண்ணன். நான் வீட்டில் ஒரு துண்டு, மண்டபத்தில் ஒரு துண்டு என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன். இடையில் இருக்கிற நேரம் எனக்குரியது, அதற்கு அவர்களும் காசு தருவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒருவரும் கோபிப்பதில்லை.

இரவு எடிட்டர் (மட்டக்களப்பு):
வாவிக்கரை அண்ணனிடம் ஒரு கேள்வி. முழு நாளாக விற்கிறீர்கள், சரி. இரவு ஒன்பது மணிக்கு ரிசெப்ஷனில் நிற்கிற உங்கள் இரண்டாவது கமராக்காரப் பொடியனுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? விடிய வந்த பொடியன். அவனுக்கும் அதே நாட்கூலிதானே? இரவு எட்டுக்குப் பிறகு அவன் எடுத்த படங்கள் என்னிடம் வரும். பாதி ஆட்டம், மீதி கண் மூடினது. மணித்தியாலக் கணக்கு வந்தால் முதலில் பிழைப்பவன் அவன்தான்.

வாவிக்கரை (கல்லடி):
இரவு ரிசெப்ஷன் இருந்தால் வேறு ஆளை மாற்றுவேன். எல்லாக் கலியாணத்துக்கும் மாற்ற ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை.

கமராப்பொடியன் (களுவாஞ்சிகுடி):
எல்லாம் வாசித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

முகூர்த்த நாளில் 4 மணித்தியாலப் பேக்கேஜ் கிடையாது. அது பிறந்தநாளுக்கும், பதிவுத் திருமணத்துக்கும், நிச்சயத்துக்கும், கலியாணத்துக்குப் பிறகு மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போகிற நாளுக்கும் மட்டும். கலியாண நாளுக்கு சடங்கின் பெயர் சொல்லித்தான் விலை: மாப்பிள்ளை வீட்டுப் பாலறுகில் தொடங்கி, கடைசி ஆள் அறுகரிசி போட்டு இறங்கும் மட்டும். முகூர்த்தம் முடிகிற நேரத்திலிருந்து நாலு மணித்தியாலம் வரை எவ்வளவு பிந்தினாலும் கூடுதல் காசு இல்லை, ஐயரின் தாமதமும் பஸ்ஸின் தாமதமும் அதற்குள் அடங்கும். சோடிப் படம் பின்னேரம் தனித் துண்டு. இரவு ரிசெப்ஷன் தனித் துண்டு, அதற்கு வேறு கமராக்காரர். பேசிய நேரத்துக்கு மேலும் நிற்கச் சொன்னால் அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு. அதை முன்கூட்டியே எழுதிக்கொண்ட ஒரே ஒரு ஆளிடம், நேரம் முடிய அரை மணித்தியாலத்துக்கு முன்னர் வட்ஸ்அப்பில் கேட்பேன். மேடையில் நிற்கிற ஆளிடமோ பெண்ணின் அப்பாவிடமோ கேட்கமாட்டேன். வீட்டுப் படம் ஐந்து, இலவசம். வீட்டார் சம்மதம் எழுதித் தராமல் ஒரு படமும் பேஸ்புக்கில் போகாது. திருத்திய படம் குறைந்தது 400, குடும்பத்தின் முக்கிய ஆட்களின் பெயர்ப் பட்டியலை முதல் நாளே தர வேண்டும்.

வாவிக்கரை (கல்லடி):
நாலு மணித்தியாலம் என்று ஏன் எழுதுகிறீர்கள்? அதை வைத்துத்தான் மறுகா இழுபறி வரும். "கடைசி ஆள் இறங்கும் மட்டும்" என்பதோடு நிறுத்துங்கள்.

கமராப்பொடியன் (களுவாஞ்சிகுடி):
இல்லை அண்ணன், அதை எடுக்கமாட்டேன். பெரியகல்லாற்றில் கடைசி ஆள் இறங்கவே இல்லை.

பொம்பிளை வீட்டுக்காரி (ஆரையம்பதி):
இது எங்களுக்குச் சரி. ஆனால் அந்த "ஒரே ஒரு ஆள்" யார் என்று பொம்பிளை வீட்டாரிடம் மட்டும் கேட்டு எழுதுங்கள் தம்பி. இரண்டு பகுதியிடமும் கேட்டால் மாப்பிள்ளையின் மூத்த மச்சான் பெயரும் வரும், எங்கள் சித்தப்பா பெயரும் வரும், பிறகு வட்ஸ்அப்பில் அது வேறு சடங்கு.