சின்னாற்றங்கரை ஊதாப் பூ: புது இனமா, தெரிந்த இனத்தின் ஆற்று வடிவமா?

தும்பை (பென்னாகரம்):
வணக்கம். ஒகேனக்கலில் சின்னாறு காவிரியோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளம் வடிந்த பாறை இடுக்கிலும் ஈர மணலிலும் படரும் ஒரு சிறு செடி. உயரம் 8 முதல் 12 செ.மீ. கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. இலை எதிரடுக்கு, தடிப்பு, விளிம்பில் பல் இல்லை என்றே சொல்லலாம். பூ 9 மி.மீ., வெளிர் ஊதா, இரண்டு உதடு. காய் ஒல்லியாக நீண்டு, புல்லிவட்டத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. லிண்டர்னியா என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரைக்கும் வந்துவிட்டேன். கே.எம். மேத்யூவின் தாவர நூலில் உள்ள திறவுகோலில் (அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தைக் கண்டறியும் பட்டியல்) எதிலும் முழுசாகப் பொருந்தவில்லை. புது இனமாக இருக்குமா? எதை வைத்து முடிவு செய்வது?

நீர்முள்ளி:
இலையை விடுங்க, மகரந்தத்தாளைப் பாருங்க. புதிதாக விரிந்த பூவைப் பக்கவாட்டில் ஊசியால் நீளமாகக் கிழித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து வைத்தால் 10 மடங்கு லென்ஸே போதும். நாலு தாளிலும் மகரந்தப்பை இருந்தால் டொரேனியா என்ற பேரினத்து வகையறா. மேலே உள்ள இரண்டில் மட்டும் பை இருந்து, கீழ் இரண்டும் பையில்லாத மலட்டுத் தாள்களாக இருந்தால், காயும் நீளம் என்பதால், பொன்னாயா என்ற பேரினம்.

திறவுகோலில் தடுமாற ஒரு காரணம் பெயர் மாற்றம். மேத்யூ நூல் வந்த 1980-களில் இவை எல்லாம் லிண்டர்னியா என்ற ஒரே பேரினம், குடும்பம் ஸ்க்ரோபுலாரியேசியே. இப்போது குடும்பம் லிண்டர்னியேசியே. 2013-ல் தாவரவியலாளர் ஃபிஷரின் குழு மரபணு ஆய்வை வைத்துப் பேரினத்தையும் பிரித்தது. லிண்டர்னியா ஆன்டிபோடா, சிலியேட்டா என்ற இனங்கள் இரண்டும் பொன்னாயாவுக்குப் போயின, கிரஸ்டேசியா டொரேனியாவுக்குப் போனது. ஒரே செடியைப் பழைய பெயரில் ஒரு முறை, புதுப் பெயரில் ஒரு முறை தேடினால்தான் எதுவும் விட்டுப்போகாது.

தும்பை (பென்னாகரம்):
பார்த்தேன் ஐயா. மேல் இரண்டில்தான் பை இருக்கிறது, இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழ் இரண்டும் மலடு. அப்படியானால் பொன்னாயா. ஆனால் சிலியேட்டாவுக்கு இலைப்பல் முள்மயிர் மாதிரி நீண்டிருக்க வேண்டுமே, இதில் அது இல்லை.

நீர்முள்ளி:
அப்போது சிலியேட்டா இல்லை. ஆன்டிபோடாவோடும், அதே பேரினத்து ருவெல்லியாய்டஸோடும் வைத்துப் பாருங்க. பின்னதற்கு இலைக்காம்பு தெளிவாகத் தெரியும், பற்கள் நெருக்கமாகவும் கூராகவும் இருக்கும். ஆன்டிபோடா மிகவும் மாறக்கூடியது. என் கணிப்பு அதன் ஆற்று வடிவம்தான். மணல் மூடினால் கணுவில் வேர் வரும், முழு வெயிலில் பாறை மேல் நின்றால் இலை தடித்துச் சிறுக்கும். இந்த இரண்டையும் மட்டும் வைத்து இனம் பிரிக்கக் கூடாது. தண்ணீருக்குள் மூழ்கி வளர்ந்த கிளையின் இலையும் வெளியே நிற்கும் கிளையின் இலையும் ஒரே செடியிலேயே வேறுபடலாம். மகரந்தத்தாளின் அமைப்பு, புல்லி எதுவரை பிளந்திருக்கிறது, காய்க்கும் புல்லிக்கும் உள்ள நீள விகிதம், விதைத்தோல், இவைதான் பேசும். ஒரு செடியில் அளந்தது போதாது, தள்ளித்தள்ளி நிற்கும் இருபது செடியிலாவது அளங்க.

நொச்சி:
செடியில் கை வைக்கும் முன் ஒரு விஷயம். அந்த இடம் காப்புக்காடா, 2022-ல் அறிவித்த காவிரி தெற்குச் சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்று ரேஞ்ச் ஆபீஸில் கேளுங்க. சரணாலயம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு தண்டுகூட எடுக்க முடியாது. ஒரு கல்லூரித் தாவரவியல் துறையோடு சேர்ந்து விண்ணப்பித்தால் எளிது. அனுமதி கிடைத்தாலும் இருபது செடி இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். படம் போடும்போது ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு, தாலுகா பெயரோடு நிறுத்துங்க.

வல்லாரை:
எடுத்த பிறகு கெடுவதுதான் அதிகம். இந்தப் பூவின் அல்லிக்குழல் பறித்த கொஞ்ச நேரத்தில் கழன்று விழும். அதனால் நாலைந்து பூவை ஆற்றங்கரையிலேயே 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிடுங்க. வேரில் ஒட்டிய மணலை அலசாமல் செடியைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தினால் ஒவ்வொரு மணியும் இலையில் குழி போடும். செய்தித்தாளை முதல் நாலு நாள் தினமும் மாற்றணும், இல்லையென்றால் பூஞ்சணம். காய் வெடித்து விதை சிதறும், ஒரு காகித உறையையும் கூடவே வைங்க. ஊதா நிறம் காய்ந்தால் வெளுக்கும், கீழ் உதட்டுப் புள்ளியும் மறையும். நோட்டில் அங்கேயே எழுதிக்கணும். டிஎன்ஏவுக்கு இளம் இலை, எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்). ஒரு நாளில் நொறுங்கக் காயணும், பழுப்பேறினால் வீண். காய்ந்த மாதிரியை அரிக்கும் பூச்சிக்கு மெர்குரிக் குளோரைடு வேண்டாம், அது கடும் விஷம். பாலித்தீனில் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தாலே சாகும்.

பிறகு கோவையில் வேளாண் பல்கலை வளாகத்தில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் ஹெர்பேரியத்திலும் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் இடம்), திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலும் உள்ள பழைய தாள்களோடு ஒப்பிடணும். இது முடியாமல் புது இனம் என்ற பேச்சே கூடாது.

நொச்சி:
புதுசு என்றே தேறினாலும் வாட்ஸ்அப்பில் பெயர் வைத்தால் செல்லாது. லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் வேண்டும் (2012 ஜனவரி 1 முதல்தான் ஆங்கிலம் செல்லும்). மூல மாதிரி (பெயருக்கு ஆதாரமான செடி) எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று அதில் குறிப்பிடணும். அச்சு இதழிலோ, ஐஎஸ்எஸ்என் (இதழ்ப் பதிவு எண்) உள்ள மின்னிதழில் பிடிஎஃப் ஆகவோ வரணும். ஒரே இடத்தில் பார்த்ததால் மட்டும் மிக ஆபத்தான அழியும் நிலை என்றும் எழுதிவிட முடியாது. ஐயூசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) கணக்கில் வாழிடம் 2 கி.மீ. சதுரக் கட்டங்களில் எண்ணப்படும். 10 சதுர கி.மீ.க்குக் குறைவு என்பதோடு, தொடர்ந்து குறைவது போன்ற வேறு காரணங்களும் சேரணும்.

தும்பை (பென்னாகரம்):
இலை வடிவம் இடத்தால் வந்ததா, பிறவியா என்று வீட்டில் சோதிக்க வழி உண்டா?

நீர்முள்ளி:
உண்டு. அனுமதியில் விதையையும் சேர்த்துக் கேளுங்க. தூள் மாதிரி சின்ன விதை, மண் மூடினால் முளைக்காது. சலித்த ஆற்று மணலை ஈரமாக்கி மேலே தூவி, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைங்க. மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துப்போகும். வயலோரத்து ஆன்டிபோடாவின் விதையையும் பக்கத்துத் தொட்டியில் அதே வெயிலில் வளருங்க. ஆற்றுச் செடிக்குத் தொட்டியில் பல் வந்துவிட்டால் அது ஆன்டிபோடாதான். இரண்டாம் தலைமுறையிலும் இலை பல்லில்லாமல், தடிப்பாகவே வந்தால் அளவுகளையும் படங்களையும் இங்கே போடுங்க, விதைத்தோலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க என்ன செய்யணும் என்று சொல்கிறேன்.