உதவி தேவை: எஞ்சின் மாற்றிய அரிஸ்டோவை எப்படி விற்பது?

வணக்கம். என் கார் ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அரிஸ்டோ, 1998 மாடல். டர்போ இல்லாத 2ஜேஇசட்-ஜிஇ எஞ்சினோடு வந்தது. போன வருடம் பேரிங் உருகி கிராங்க் போய்விட்டது. ஹாஃப்-கட் (வெட்டி எடுத்து விற்கும் பழைய காரின் முன்பாதி) ஒன்றிலிருந்து ட்வின் டர்போ 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினை வயரிங், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாவற்றோடும் ஏற்றினேன். வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் பார்க்க வந்த மூன்று பேரும் பானெட்டைத் திறந்ததோடு கிளம்பிவிட்டார்கள். ஒருவர், "இன்னும் என்னத்த மறைச்சிருக்கீங்க?" என்றே கேட்டுவிட்டார். மனசு விட்டுப்போச்சு. எஞ்சின் மாற்றியதைச் சொல்லாமலே விற்கலாமா?

பதில்:
வேண்டவே வேண்டாம் தம்பி. பாடி பிளேட்டில் மாடல் குறியீடு ஜேஇசட்எஸ்160 என்றுதானே இருக்கு? டர்போ வண்டி என்றால் 161. விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். எஞ்சின் இரண்டுமே 2,997 சிசி. ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழிலும் எஞ்சின் வகை '2ஜேஇசட்' என்று மட்டும்தான் இருக்கும். அதனால் அந்தத் தாளில் சிக்கல் இல்லை. உங்கள் பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் நம்பர் இருந்தால் அங்கேதான் இடிக்கும். முதலில் அதை மாற்றுங்கள், விளம்பரம் பிறகு.

கேட்டவர்:
ஹாஃப்-கட் பில் இருக்கு அண்ணா. ஆனா அதில் எஞ்சின் நம்பர் போடவில்லை.

பதில்:
விற்றவரிடமே நம்பர் போட்டு எழுதி வாங்குங்கள். பிளாக்கில் எண் குத்திய இடத்தை டீசல் துணியால் துடைத்து, எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொருவர்:
மெக்கானிக்காகச் சொல்கிறேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) பார்த்து எழுதி வையுங்கள். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வருகிறதா என்பதுதான் முக்கியம். ஜிடிஇ-க்கு கம்ப்ரஷன் விகிதமே குறைவு, 8.5தான், அதனால் பழைய ஜிஇ-யின் அளவோடு ஒப்பிட்டு பயப்படாதீர்கள். வாங்க வருபவரையே ஓட்டவிடுங்கள். 4,000 ஆர்பிஎம் பக்கம் இரண்டாவது டர்போ முழுசாகச் சேரும். அங்கே வண்டி தொய்ந்தால் டர்போவைக் கட்டுப்படுத்தும் சின்ன ரப்பர் குழாய்களை, அதாவது வேக்குவம் ஹோஸைப் பாருங்கள். பழைய ஹோஸ் வெடித்திருக்கும். கியர்பாக்ஸ் பழையதா? 230 குதிரைச் சக்தி வண்டியில் 280 ஏறியிருக்கே, கட்டாயம் கேட்பார்கள்.

கேட்டவர்:
ஹாஃப்-கட்டோடு வந்த கியர்பாக்ஸேதான். ஓடோமீட்டர் மட்டும் பழையது.

இன்னொருவர்:
அப்படியென்றால் மீட்டரில் உள்ளது பாடி ஓடிய கிலோமீட்டர், எஞ்சினுடையது இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். செலவழித்ததை அப்படியே விலையில் ஏற்றாதீர்கள், அது திரும்பி வராது. சொகுசுக்கு மட்டும் செடான் தேடுபவர் இதை எடுக்க மாட்டார். டர்போ அரிஸ்டோவுக்கு ஆசைப்படுபவருக்காகக் காத்திருங்கள்.

கேட்டவர்:
விற்றவரிடம் பேசிவிட்டேன், நம்பரோடு பில் தருகிறேன் என்றார். விளம்பரத்தை இறக்கிவிட்டேன். புத்தகத்தில் நம்பர் ஏறியதும் மறுபடி போடுகிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.