புதுப்பிப்பு: அம்மாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது

திருமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது, மருந்துக்கடையில் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி மதுரையில் டாக்டரிடம் காட்டி, கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) எடுத்தோம். ஈ.கோலை கிருமி. சிப்ரோவுக்கு அடங்காது; நைட்ரோஃபுராண்டாயினுக்கு அடங்கும். 1950களில் வந்த பழைய மருந்துதான்! சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். இப்போது எரிச்சல் இல்லை.

சாம்பிள் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கொடுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள், நம்ம ஊர் வெயிலில் பஸ்ஸில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள். முடிவு வர 2, 3 நாள் ஆகும்.

அப்புறம், மறுபடி கல்ச்சர் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். தொந்தரவு இல்லையென்றால் வேண்டாம் என்றார். வயதானவர்களுக்கு அறிகுறி இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் மருந்து கொடுப்பதில்லையாம்.