மகளுக்காகத் தனியார் டிரஸ்ட்: மகன் டிரஸ்டியாக இருக்கலாமா?

கேள்வி:
மகளுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. எங்கள் காலத்துக்குப் பிறகு அவள் செலவுக்காக ஒரு வீட்டையும் வைப்புத்தொகையையும் டிரஸ்டில் வைக்கப்போகிறோம். டிரஸ்டை எழுதிவைப்பவன், சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டி இரண்டும் நானே இருக்கலாமா? எனக்குப் பின் மகன் டிரஸ்டி. மகளுக்குப் பின் மிச்சம் மகனுக்கு. சிக்கல் வருமா?

பதில் 1:
நீங்களே இருக்கலாம் சார். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தில் தடையில்லை. தர்ம அறக்கட்டளையின் மாதிரிப் பத்திரத்தை மட்டும் எடுத்து நிரப்பாதீர்கள், அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது. வீடு இருப்பதால் பத்திரம் பதிவாக வேண்டும் (பிரிவு 5). டிரஸ்டை ரத்து செய்யும் உரிமையை எழுதி வைக்காவிட்டால், பிறகு ரத்து செய்ய பயனாளிகள் (டிரஸ்டால் பலன் பெறுபவர்கள்) எல்லோரும் சம்மதிக்க வேண்டும். உங்கள் மகளால் சட்டப்படி சம்மதம் தர முடியாது, ஆகவே வழியே அடைபடும் (78). உரிமையை வைத்துக்கொண்டால் டிரஸ்ட் வருமானத்துக்கு உங்கள் கணக்கில் வரி.

பதில் 2:
எனக்கு உறுத்துவது மகன் விஷயம்தான். தங்கைக்குச் செலவு குறையக் குறைய அவருக்கு மிச்சம் கூடும். பயனாளியின் நலனுக்கு முரணான நலன் உள்ளவரைத் தகுந்த டிரஸ்டியாகப் பிரிவு 60 ஏற்பதில்லை. அவர் எவ்வளவு நல்லவரானாலும் தனியாக விடாதீர்கள். மூன்று பேரைப் போடுங்கள். பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாதவரை எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே செயல்பட வேண்டும் (48). ஒருவர் முரண்டு பிடித்தால் வங்கிக் கணக்குகூட நகராது, எனவே பெரும்பான்மை முடிவு என்று எழுதுங்கள். ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தொடரலாம் (76). காலியிடத்தை யார் நிரப்புவது என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் நீதிமன்றம் போக நேரிடும்.

எழுதாமல் டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது (50). டிரஸ்ட் சொத்தில் சுயலாபமும் கூடாது (51): அந்த வீட்டில் மகன் வாடகை தராமல் குடியிருந்தால் அதுவே மீறல். கணக்குக் கேட்கும் உரிமை பயனாளிக்கு உண்டு (19), ஆனால் உங்கள் மகள் எப்படிக் கேட்பாள்? ஆண்டுதோறும் கணக்கைப் பார்க்க டிரஸ்டி அல்லாத ஒருவரைப் பத்திரத்திலேயே பெயர் சொல்லி எழுதுங்கள். பல பத்திரங்களில் விட்டுப்போவது இதுதான்.

பதில் 3:
டிரஸ்டி சொத்தைத்தான் பார்ப்பார், மகளின் காப்பாளர் (அவளுக்காகச் சட்டப்படி முடிவெடுப்பவர்) ஆகிவிடமாட்டார். 18 வயது கடந்துவிட்டதால் பெற்றோருக்கும் அந்த அதிகாரம் தானாகத் தொடராது. அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு மனு கொடுங்கள். முடிந்தவரை டிரஸ்டி வேறு, காப்பாளர் வேறு ஆளாக இருக்கட்டும். செலவு கேட்பவரும் பணம் தருபவரும் ஒருவரே ஆனால் பில்லைச் சரிபார்க்க ஆளிருக்காது.