அப்டேட்: தோட்டத்த கம்பெனிகிட்டயே கொடுத்துட்டேன்

ஆனி மாசம் கேட்டிருந்தேன்ல, கோயம்புத்தூர் வீட்டுக்குப் பின்னாடி 600 சதுர அடி சும்மா கெடக்கு, நாமளே செடி வைக்கலாமா இல்ல லேண்ட்ஸ்கேப்பிங் கம்பெனிகிட்ட விடலாமான்னு. விட்டாச்சு. பேர் வேண்டாம்.

3டி படமெல்லாம் காட்டுனாங்க, அப்படியே ரிசார்ட் மாதிரி இருந்துச்சு, நானும் மயங்கி கொரியன் புல்லுக்கு ஓகே சொல்லிட்டேன். வேலை நாலே நாள்ல முடிஞ்சிருச்சு. மூணாவது வாரம் மாமரத்தடியில மட்டும் புல்லு மஞ்சளாக ஆரம்பிச்சுது, தண்ணி பத்தலையோன்னு நான் இன்னும் ஊத்த, அது இன்னும் அழுக, கடைசில அம்மா களைக்கொத்திய எடுத்து ஒரு ஓரமா கிளறுனாங்க. ரெண்டு இஞ்ச் செம்மண்ணு, அதுக்குக் கீழ பூரா வீடு கட்டுனப்போ போட்ட செங்கல் துண்டு, காஞ்ச சிமெண்ட் கட்டி, ஒரு பெயிண்ட் பிரஷ் வேற! தண்ணி எங்க இறங்கும்?

நல்லவேளை கடைசி 20 சதவீதம் பணத்த கையில வச்சிருந்தேன். ரெண்டு சண்டைக்கப்புறம் வந்து முக்கால் அடி தோண்டி, கழிவ அள்ளிட்டு, செம்மண்ணோட மணலும் மண்புழு உரமும் கலந்து போட்டு, தண்ணி வடிய சரிவும் கொடுத்தாங்க. கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேணுமாம், அத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம். மரத்தடியில இப்போ எருமைப்புல், அது நிழல் தாங்குது.

படத்துல இருந்த பாம் மரம் ரெண்டையும் வேண்டாம்னுட்டோம், அங்க அம்மாவோட கறிவேப்பிலையும் அடுக்குச் செம்பருத்தியும் நிக்குது. ஐப்பசி மழை வரட்டும், தண்ணி தேங்குதான்னு பாத்துட்டு மிச்சப் பணம் கொடுக்கணும்.