வீடு ஏலத்துக்குப் போகும் நிலையில் வக்கீல் தேடியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம்

எடிசன்வாசி:
நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறோம். போன வருடம் ஜனவரியில் என் கணவருக்கு வேலை போனது. பிப்ரவரியிலிருந்து வீட்டுக் கடன் தவணை கட்டவில்லை. 30 நாளில் பாக்கியைக் கட்டாவிட்டால் வழக்கு என்று வங்கியிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. அதை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டு, இன்டர்வியூ முடியட்டும் என்று இருந்தோம். ஜூன் கடைசியில் ஒருவர் வாசலுக்கே வந்து, வங்கி போட்ட வழக்கின் கோர்ட் சம்மன்ஸ் காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே தபால் பெட்டி நிரம்பியது. வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம் என்று 19 கடிதங்கள், எண்ணிப் பார்த்தேன். வழக்கு விவரம் யாரும் பார்க்கக்கூடிய பதிவு என்பதால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சில உறைகள் அரசாங்கக் கடிதம் மாதிரியே இருந்தன. ஒரு கம்பெனிக்காரர் போனில் தேனொழுகப் பேசினார்: "பேங்க்ல இருந்து போன் வந்தா எடுக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்." முன்பணம் 2,400 டாலர். என் கணவர் பணம் கட்ட கார்டை எடுத்துவிட்டார்!

நல்லவேளை, பிரிட்ஜ்வாட்டர் கோவில் கேன்டீனில் புளியோதரை சாப்பிடும்போது ஒரு தோழியிடம் சொன்னேன். வக்கீல் அல்லாத இந்த மாதிரி கம்பெனிகள், வங்கியிடம் சலுகையை எழுத்தில் வாங்கித் தரும்வரை காசு கேட்கவே கூடாது என்பது மத்திய அரசின் விதி என்றாள். வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகரிடம் முதலில் போகச் சொன்னதும் அவள்தான். அந்த ஆலோசகர் அம்மா ஒரு காசு வாங்கவில்லை. வங்கிக்கு அனுப்ப வேண்டிய காகிதங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, "கோர்ட்டுக்குப் பதில் போட வக்கீல் பாருங்க" என்றார்.

மூன்று பேரைப் பார்த்தோம். வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்தவர், தனக்கு இந்த வேலை பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். பெரிய விளம்பர ஆபீஸில் உதவியாளர்தான் பேசினார், காகிதத்தைப் பிரிக்காமலே திவால் மனு போடலாம் என்றார். மூன்றாமவர் நியூ பிரன்ஸ்விக்கில், கோர்ட் பக்கத்தில், சின்ன ஆபீஸ். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சம்மன்ஸ் எந்தத் தேதி கைக்கு வந்தது?" காலண்டரில் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணி, 35ஆம் நாளை வட்டமிட்டார். அதற்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டுமாம், எங்களுக்கு மிச்சம் 16 நாள்.

அப்புறம் வங்கிக் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். நாங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்காகக் கட்டியும், வங்கி தானாக இன்னொன்று எடுத்து எங்கள் தலையில் ஏற்றியிருந்தது. எங்கள் கண்ணில் அது படவே இல்லை. "ஜெயிப்போம்னு சொல்லமாட்டேன், நேரம் வாங்கித் தர்றேன்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்ததே அந்த வார்த்தையில்தான். சமரசப் பேச்சில் அந்த இன்ஷூரன்ஸ் தொகை கழிந்தது, பாக்கி கடனோடு சேர்ந்தது. வீடு இருக்கிறது.

பிளேனோ அண்ணாச்சி:
தங்கச்சி, எங்க டெக்சாஸ் கதை வேற. இங்கே பெரும்பாலும் வழக்கே கிடையாது. பாக்கி கட்ட 20 நாள் நோட்டீஸ், அப்புறம் 21 நாள் ஏல நோட்டீஸ், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம். ஜெர்சியில் இருக்கும் மச்சான் "சம்மன்ஸ் வரும், பொறுங்க" என்று சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன். வராத சம்மன்ஸுக்குக் காத்திருந்ததில் 10 நாள் போச்சு. ஏலத்துக்கு 11 நாள் இருக்கும்போது மெக்கின்னியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். வழக்கெல்லாம் வேண்டாம், பாக்கியைக் கட்டினால் ஏலம் நிற்கும் என்று அன்றைக்கே எதிர்த்தரப்பிடம் சரியான தொகையை எழுத்தில் வாங்கித் தந்தார். ஒரு மணி நேரக் கட்டணம்தான் வாங்கினார். ஊரில் நகையை அடகு வைத்துக் கட்டினோம்.

புதுக்குடித்தனம்:
அக்கா, ஃபீஸ் எவ்வளவு ஆச்சு? தமிழ் பேசுற வக்கீல் கிடைப்பாங்களா?

எடிசன்வாசி:
3,500 டாலர், நாலு தவணையில். பதில் மனுவும் சமரசப் பேச்சும் அதில் அடக்கம், ஷெரிஃப் (கவுன்டி அதிகாரி) நடத்தும் ஏலம் வரை போனால் தனி என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார். தமிழ் வக்கீல் ஒருவரைக் கேட்டோம்மா, அவர் விசா கேஸ் பார்ப்பவர். இது தன் வேலை இல்லை என்று சொல்லி, நியூ பிரன்ஸ்விக்காரரின் நம்பரைக் கொடுத்ததே அவர்தான்.